ஆண்கள் எழுதிய பெண்கள்: நாவல் வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓர் ஆணால் ஒரு பெண்ணை உள்ளிருந்து எழுத முடியுமா?

முடியும். ஆனால் எல்லாப் பக்கத்திலும் முடிவதில்லை. ஒரே எழுத்தாளர் ஓர் அத்தியாயத்தில் பெண்ணின் கழுத்தையும் தோளையும் பார்த்து மயங்கி நிற்பார். அடுத்த அத்தியாயத்தில் அவள் மனதுக்குள் போய் உட்கார்ந்துவிடுவார். அதனால் "இவர் பெண்களைப் புரிந்தவர், அவர் புரியாதவர்" என்று ஆளைப் பிரிப்பதை நான் விட்டுவிட்டேன். பக்கத்தைத்தான் பார்க்கிறேன்.

பார்க்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்வேன். எந்த ஆணும் அவளைப் பார்க்காத நேரத்தில் அவள் என்ன செய்கிறாள்? அதைச் சொல்ல நாவலுக்குப் பொறுமை இருக்கிறதா? காதலன் வந்ததும் விளக்கு எரிந்து, அவன் போனதும் அணைந்துவிடுகிற பாத்திரங்கள் ஏராளம். அவன் போன பிறகும் அவளுக்கு ஒரு மத்தியானம் இருக்க வேண்டும், தைக்க வேண்டிய கிழிசல் இருக்க வேண்டும், கடைக்குத் தர வேண்டிய பாக்கி இருக்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் முதலில் யாரைச் சொல்வீர்கள்?

டாலியை. டால்ஸ்டாயின் "அன்னா கரீனினா"வில் அன்னா இருக்கும்போது டாலியா என்று பலரும் கேட்கிறார்கள்.

எனக்கு இருபது வயதில் அன்னாவைத் தவிர வேறு யாரும் கண்ணில் படவில்லை. முதல் பிரசவத்துக்குப் பிறகு மறுபடி எடுத்தபோதுதான் டாலி தெரிந்தாள். அன்னாவின் அண்ணன் மனைவி. கணவன், தங்கள் வீட்டில் வேலை பார்த்த ஆசிரியையோடு உறவு வைத்திருந்தது தெரியவந்து அறைக்குள் அழுதுகொண்டிருக்கிறாள். நாவல் அங்கேதான் தொடங்குகிறது. அவள் பெற்றவர்களில் ஐந்து பேர் உயிரோடு இருக்கிறார்கள், இரண்டு பேர் இறந்துவிட்டார்கள் என்று டால்ஸ்டாய் முதலிலேயே எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறார்.

ஆறாம் பாகத்தில் டாலி வண்டி கட்டிக்கொண்டு, கணவனை விட்டுக் காதலனோடு வாழும் அன்னாவைப் பார்க்கப் போகிறாள். நான்கு மணி நேரப் பயணம். வீட்டில் பிள்ளைகளுக்கு நடுவே யோசிக்க நேரமே கிடைக்காதவளுக்கு அந்த நான்கு மணி நேரத்தில் எல்லா யோசனையும் ஒன்றாக வந்து சேர்கிறது. வழியில் ஒரு குடியானவ வீட்டில் இளம்பெண் ஒருத்தி, தன் ஒரே பெண் குழந்தை இறந்துபோனதைப் பற்றிச் சொல்லும்போது, கடவுள் என்னை விடுவித்துவிட்டார் என்கிறாள். டாலிக்கு முதலில் பகீரென்கிறது. வண்டி நகர்ந்த பிறகு அந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மை இருப்பதாகவும் படுகிறது. பதினைந்து வருடக் கல்யாண வாழ்க்கையை எண்ணிப் பார்க்கிறாள்: மசக்கை, பிரசவ வலி, பால் கட்டிய வலி, தூங்காத இரவுகள், குழந்தையின் சவப்பெட்டி. தனக்கும் ஒரு காதலன் இருந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து தனக்குத்தானே சிரித்தும் கொள்கிறாள்.

போய்ச் சேர்ந்த இடத்தில், தன் ஒட்டுப்போட்ட இரவு உடையைப் பணிப்பெண் பார்த்துவிடுவாளே என்று கூசுகிறாள். அந்த ஒட்டு வீட்டில் அவள் பெருமைப்பட்ட ஒட்டு, எவ்வளவு துணி மிச்சம் என்று கணக்குப் போட்டுத் தைத்தது. அன்று இரவு, இனிக் குழந்தை வேண்டாம் என்பதற்குத் தான் செய்வதை அன்னா அவளிடம் சொல்கிறாள். அதை 1870களில் அச்சில் சொல்ல முடியாது. டால்ஸ்டாய் அந்த இடத்தில் ஒரு வரி முழுக்கப் புள்ளிகளை வைத்தார். அப்படி ஒன்று முடியும் என்பதே டாலிக்கு அதுவரை தெரியாது. இரண்டு பெண்களுக்கு இடையில் மட்டுமே நடக்கக்கூடிய பேச்சு அது. அதை எழுதியவர் தாடி வைத்த ஒரு பிரபு என்பதை என்னால் இன்றும் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

டால்ஸ்டாய் தன் மனைவியை நடத்திய விதம் தெரிந்த பிறகும் இப்படிப் பாராட்டலாமா?

தெரிந்துகொண்டு பாராட்டலாம். 1862ல் கல்யாணத்துக்கு முன்னால், தன் பழைய உறவுகளை எல்லாம் எழுதி வைத்திருந்த நாட்குறிப்பைச் சோஃபியாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவளுக்குப் பதினெட்டு வயது, அவருக்கு முப்பத்து நான்கு. நாவலில் லெவின் தான் மணக்கப்போகும் கிட்டியிடம் செய்வது இதையேதான். சோஃபியா பதின்மூன்று பிள்ளைகள் பெற்றார். கணவரின் கையெழுத்துப் பிரதிகளைத் திரும்பத் திரும்ப நகலெடுத்தார். "அன்னா கரீனினா" எழுதப்பட்ட 1873 முதல் 1877 வரையான காலத்தில் அந்த வீட்டில் மூன்று குழந்தைகள் இறந்தன. டாலியின் வண்டிப் பயணம் எங்கிருந்து வந்தது என்பதை ஊகிக்க முடிகிறது. அந்த வலி பக்கத்து அறையில் இருந்தது. அவர் அதைக் கேட்டார், எழுதினார், ஆனால் குறைக்கவில்லை.

பின்னாளில் "கிராய்ட்சர் சொனாட்டா"வில் அவர் கல்யாணத்தையும் பெண் உடலையும் வெறுத்து எழுதியபோது தணிக்கை அதைத் தடுத்தது. 1891ல் ஜார் மன்னரை நேரில் பார்த்து அதை வெளியிட அனுமதி வாங்கி வந்தவர் சோஃபியாதான். அதே கதைக்கு மறுமொழியாக சோஃபியாவும் ஒரு குறுநாவல் எழுதினார். "யார் குற்றம்?" என்பது தலைப்பு. அவர் உயிரோடு இருந்தவரை அது அச்சேறவில்லை. ரஷ்யாவில் 1994ல்தான் வெளிவந்தது. டால்ஸ்டாயைப் படிக்கிறவர்கள் இதையும் சேர்த்துப் படித்தால் நல்லது என்பேன்.

"எம்மா பொவாரி நான்தான்" என்று ஃப்ளொபேர் சொன்னது உண்மையா?

எம்மாவை நாயகியாக வைத்து "மேடம் பொவாரி" எழுதிய பிரெஞ்சு நாவலாசிரியர் அவர். அவர் எழுதிய எதிலும் அந்த வாக்கியம் இல்லை. அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்துக் கேள்விவழியாக அச்சுக்கு வந்தது. எம்மா விஷம் குடிக்கும் காட்சியை எழுதும்போது தன் வாயிலேயே ஆர்செனிக்கின் சுவை இருந்ததாக நண்பருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அது நிச்சயமானது. எனக்கு அதுவே போதும்.

எம்மாவை ஆகாயக் கோட்டை கட்டியவள் என்று சுருக்கிவிடுகிறோம். அவளைக் கொன்றது கடன். துணி வியாபாரி லெரோ திரைச்சீலையும் சால்வையுமாகக் கடனுக்குக் கொடுத்து, கடன் பத்திரத்தின் மேல் பத்திரமாக எழுதி வாங்குகிறான். ஃப்ளொபேர் இதை ஒரு கணக்குப்பிள்ளையின் கவனத்தோடு எழுதுகிறார். பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று கேட்டதும் எம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு மயங்கிவிடுகிறாளே, அந்த இடமும் உண்டு. மகன் பிறந்திருந்தால் அவனாவது சுதந்திரமாக இருப்பான் என்று நினைத்திருந்தாள். கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண் பெர்த், பஞ்சாலைக் கூலியாகப் போகிறாள். 1857ல் பாரிஸ் நீதிமன்றத்தில் இந்தக் கதை ஒழுக்கத்துக்குக் கேடு என்று வழக்கு நடந்து, ஃப்ளொபேர் விடுதலையானார். பெர்த்தைப் பஞ்சாலைக்கு அனுப்பிய அந்த முடிவை விடக் கண்டிப்பான ஒழுக்கப் பாடத்தை அந்த நீதிமன்றத்தில் யாராலும் சொல்லியிருக்க முடியாது என்பது என் எண்ணம்.

இந்த நாயகிகள் எல்லாம் ஏன் கடைசியில் செத்துப்போகிறார்கள்?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது. எனக்கு உண்மையான கோபம் வருவதும் இங்கேதான்.

நிஜத்தில் இப்படித்தான் நடந்தது என்று ஒரு பதில் உண்டு. ரயிலில் விழுந்து சாகும் அன்னாவுக்குப் பின்னால் ஓர் உண்மை மரணம் இருக்கிறது. 1872 ஜனவரியில், டால்ஸ்டாயின் பக்கத்துப் பண்ணைக்காரரோடு வாழ்ந்த அன்னா பிரகோவா என்ற பெண், அவர் வேறொருத்தியை நாடியதால் மனம் உடைந்து ரயிலில் விழுந்தார். டால்ஸ்டாய் அந்த உடலை நேரில் போய்ப் பார்த்தார்.

ஆனால் ஜெர்மன் எழுத்தாளர் தியடோர் ஃபோன்டானே 1895ல் நூலாக வெளியிட்ட "எஃபி ப்ரீஸ்ட்" நாவலின் கதை வேறு. பதினேழு வயது எஃபியை முப்பத்தெட்டு வயது அதிகாரிக்குக் கட்டி வைக்கிறார்கள். ஊர் புதிது, வீடு பெரிது, பேச ஆள் இல்லை. ஒருவனோடு சிறிது காலம் உறவு. அது முடிந்து ஆறு ஆண்டுகள் கழித்துக் கணவன் பழைய கடிதங்களைக் கண்டெடுக்கிறான். ஆத்திரம்கூடப் பெரிதாக இல்லை, ஊர் முறை என்று ஒன்று இருக்கிறதே என்பதற்காக அந்தக் காதலனை இருவர்-போருக்கு அழைத்துச் சுட்டுக் கொல்கிறான். எஃபியிடமிருந்து மகளைப் பிரிக்கிறார்கள். நோயில் இளைத்து இளம் வயதிலேயே எஃபி இறக்கிறாள்.

இதன் மூலக்கதை எலிசபெத் ஃபொன் ஆர்டென்னே என்ற பெண்ணுடையது. அவர் கணவர் அவரை விட ஐந்து வயதுதான் மூத்தவர். 1886ல் கணவர் இருவர்-போரில் நண்பரைக் கொன்றார். மறு ஆண்டு விவாகரத்து. அதன் பிறகு எலிசபெத் செவிலியர் வேலைக்குப் போனார், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். நாவல் வெளிவந்தபோது நாற்பது வயதைத் தாண்டி உயிரோடுதான் இருந்தார். இறந்தது 1952ல், தொண்ணூற்றெட்டு வயதில். இரண்டு உலகப் போரையும் பார்த்துவிட்டார்.

ஃபோன்டானே மென்மையான மனசுக்காரர், எஃபியை வெறுத்து ஒரு வரி எழுதவில்லை. ஆனாலும் அவளை வேலைக்கு அனுப்ப அவருக்குத் தோன்றவில்லை. மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் ஐம்பது வயது எஃபி அந்த நூற்றாண்டின் நாவலுக்குள் அடங்கவில்லை போலும். செத்தவளுக்காக வாசகன் அழுவான். வாழ்ந்து காட்டியவளை மன்னிக்க வேண்டியிருக்குமே.

இந்தியாவில் கொல்லவில்லை, காசிக்கு அனுப்பினார்கள். தாகூரின் "சோக்கேர் பாலி" 1903ல் நூலானது. அதில் வரும் பினோதினி இளம் விதவை, ஆங்கிலம் படித்தவள், தன்னை முன்பு வேண்டாம் என்ற ஆணின் குடும்பத்துக்குள் வந்து அந்த வீட்டையே ஆட்டிவைக்கிறாள். அவள் கோபத்துக்கு நாவல் நியாயம் தருகிறது. கடைசியில் அந்த வீட்டு நண்பன் பிஹாரி அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கும்போது, உங்கள் பெயருக்குக் கேடு என்று மறுத்துவிட்டுக் காசிக்குப் போகிறாள். விதவை மறுமணச் சட்டம் வந்ததோ 1856ல். அந்த முடிவுக்காகப் பின்னாளில் தாகூரே வருந்தினார். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, 1910ல் அவர் தன் மகன் ரதீந்திரநாத்துக்கு பிரதிமா என்ற இளம் விதவையைக் கட்டி வைத்தது. நாவலில் கொடுக்கத் துணியாததை ஏழு ஆண்டுகள் கழித்து வீட்டில் கொடுத்தார்.

மஹ்ஃபூஸின் அமீனா கணவனுக்கு அடிமையாக இருக்கிறாள். அவளை ஏன் நல்ல பாத்திரம் என்கிறீர்கள்?

அடிமை வாழ்வை அவ்வளவு அருகில் போய் எழுதியிருப்பதால்தான். எகிப்திய எழுத்தாளர் நகீப் மஹ்ஃபூஸ் கெய்ரோவை வைத்து எழுதிய முத்தொகுதி 1956லும் 1957லும் வெளிவந்தது. முதல் காட்சியே நள்ளிரவில். குடித்துக் கூத்தாடிவிட்டு வரும் கணவனுக்கு விளக்குப் பிடிக்க, யாரும் எழுப்பாமல் அந்த நேரத்துக்குத் தானாக விழித்துக்கொள்கிறாள் அமீனா. அவன் வரும் வரை மரச் சாளரத்தின் துளைகள் வழியே தெருவையும் பள்ளிவாசல் கோபுரங்களையும் பார்க்கிறாள். அவள் பார்த்த உலகம் அவ்வளவுதான். மொட்டை மாடியில் கோழிகளும் செடிகளும் அவளுக்கே அவளுக்கு.

கணவன் வெளியூர் போன ஒரு நாள், பிள்ளைகள் தைரியம் சொல்ல, சின்ன மகன் கமாலோடு ஹுசைன் பள்ளிவாசலுக்குப் போகிறாள். எத்தனையோ வருட ஆசை. திரும்பும்போது கார் மோதிக் கழுத்தெலும்பு முறிகிறது. கணவன் திரும்பி வந்து, எலும்பு கூடும் வரை காத்திருக்கிறான். பிறகு சாதாரணமாக, வீட்டை விட்டுப் போ என்கிறான். எலும்பு கூடும் வரை காத்திருக்கிறானே, அந்த நிதானம்தான் என்னை நடுங்க வைத்தது.

இதோடு நிறுத்தியவர்கள் தயவுசெய்து மூன்றாம் நூல் வரை போங்கள். அங்கே அவன் நோயாளி, வீட்டோடு கிடக்கிறான். அமீனாவோ தினமும் பள்ளிவாசல்களுக்குப் போய் வருகிறாள். யாரும் கொடி பிடிக்கவில்லை, அவள் வசனம் பேசவில்லை. காலம் மட்டும் இருவரையும் இடம் மாற்றி உட்காரவைத்திருக்கிறது.

ஜப்பானிய நாவல் ஒன்றைத் தொடங்கினேன். நான்கு சகோதரிகள், ஒன்றுமே நடக்கவில்லை. தொடரலாமா?

தனிஸாகியின் "சாஸமேயுகி"யைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தொடருங்கள். மூன்றாமவள் யூகிகோ. அவளுக்கு வரன் பார்ப்பதுதான் கதை. பெண் பார்க்கும் சடங்கு, விசாரணைக் கடிதங்கள், பையன் வீட்டின் பூர்வோத்தரம், பெண்ணின் கண்ணுக்கு மேல் தெரியும் ஒரு கரும்புள்ளி பற்றிய கவலை. நம் வாசகர்களுக்கு இதில் விளக்கம் தேவைப்படாது. முப்பது வயதாகியும் கல்யாணமாகாத யூகிகோ தொலைபேசியில் பேசக்கூடக் கூச்சப்படுகிறவள், ஆனால் வேண்டாம் என்ற விஷயத்தில் யாராலும் அவளை அசைக்க முடியாது. கடைக்குட்டி தயேகோ பொம்மை செய்து, தையல் கற்றுச் சொந்தமாகச் சம்பாதிக்கப் பார்க்கிறாள். அதற்கான விலை முழுவதையும் அவளிடமே வசூலிக்கிறது அந்த உலகம்.

1943ல் இந்தத் தொடர் ஒரு பத்திரிகையில் வரத் தொடங்கியதும் ராணுவத் தணிக்கை அதை நிறுத்தியது. நாடு போரில் இருக்கும்போது பெண்கள் பட்டுப் புடவை தேர்ந்தெடுக்கும் கதையா என்றார்கள். தனிஸாகி நிறுத்தாமல் எழுதினார். போர் முடிந்த பிறகு முழுதாக வந்தது. புடவை என்றது நம் சொல், அங்கே கிமோனோ. கல்யாணத்துக்காக யூகிகோ ரயிலில் டோக்கியோவுக்குப் போகிறாள். அவளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்பதோடு நாவல் முடிகிறது. மணப்பெண்ணின் பயத்தை வயிற்றில் வைத்துச் சொன்ன ஆண் எழுத்தாளர் எனக்குத் தெரிந்து இவர்தான்.

சினுவா அச்சிபி பெண்களுக்கு இடமே கொடுக்கவில்லை என்கிறார்களே?

"சிதைவுகள்" என்ற பெயரில் தமிழில் வந்திருக்கும் அந்த நைஜீரிய எழுத்தாளரின் முதல் நாவலைப் பற்றிய இந்தக் குற்றச்சாட்டில் பாதி சரி. 1958ல் வெளிவந்தது. நாயகன் ஒக்கொங்வோவின் முதல் மனைவிக்குக் கடைசி வரை பெயரே இல்லை. மகன் பெயரால் "இன்னாரின் தாய்" என்று மட்டும் வருகிறாள். அடிப்பது சாதாரணமாக நடக்கிறது.

மறுபாதி அவனுடைய இன்னொரு மனைவி எக்வெஃபி. பத்துப் பிள்ளை பெற்று ஒன்பதைப் புதைத்தவள். மிஞ்சிய எஸின்மாவோடு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கணவன் கூடாது என்று சொன்ன முட்டையைத் திருட்டுத்தனமாகத் தின்கிறாள். அந்த மகள் அம்மாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். ஓர் இரவில் தெய்வத்தின் பூசாரிச்சி எஸின்மாவை முதுகில் தூக்கிக்கொண்டு இருட்டுக்குள் போகும்போது, தெய்வக் குற்றம் என்று தெரிந்தும் எக்வெஃபி பின்னாலேயே ஓடுகிறாள். குகை வாசலில் நின்றுகொண்டு, உள்ளே பிள்ளை அழுதால் தெய்வத்தோடும் மோதுவேன் என்று முடிவெடுக்கிறாள். "இவள் பையனாகப் பிறந்திருக்கலாம்" என்று ஒக்கொங்வோ எஸின்மாவைப் பார்த்து நினைப்பது அவனுடைய குருடு. நாவலுக்கு அந்தக் குருடு தெரிகிறது.

இதற்குச் சரியான பதிலை நைஜீரியப் பெண்களே எழுதினார்கள். ஃப்ளோரா நுவாப்பாவின் "எஃபுரு" 1966ல் வந்தது. அதன் கைப்பிரதியைப் பதிப்பகத்துக்கு அனுப்பி வைத்தவர் அச்சிபி. புச்சி எமெசெட்டா 1979ல் எழுதிய நாவலுக்கு "எஃபுரு"வின் கடைசி வரிகளிலிருந்து தலைப்பு எடுத்தார்.

மார்க்வெஸின் உர்சுலா?

"தனிமையின் நூறு ஆண்டுகள்" நாவலிலிருந்து ஒரே ஒரு காட்சி சொல்கிறேன். கிழவியான உர்சுலாவுக்குக் கண் போய்விட்டது, வீட்டில் யாருக்கும் தெரியாது. கொள்ளுப்பேரன் மனைவியின் கல்யாண மோதிரம் காணாமல் போய் எல்லோரும் தேடுகிறார்கள். கண் தெரியாத உர்சுலாதான் கண்டுபிடிக்கிறாள். ஒவ்வொருவரும் தினமும் ஒரே வழியில் நடந்து, ஒரே வேலையைச் செய்கிறார்கள் என்பதை அவள் கவனித்து வைத்திருக்கிறாள். அன்று வழக்கத்துக்கு மாறாக நடந்தது மூட்டைப்பூச்சிக்காக மெத்தையை வெயிலில் போட்டது மட்டும்தான். அந்தத் துப்பைப் பிடித்துத் தேடினால் மோதிரம். பறக்கும் அழகிகளை விட இந்த அறிவுதான் எனக்கு அந்த நாவலின் மாயம்.

தமிழில் ஆண்கள் எழுதியதில்?

தி. ஜானகிராமனின் அலங்காரம். "அம்மா வந்தாள்" 1966ல் வந்தது. அன்னாவைப் போலவே அவளுக்கும் கணவன் உண்டு, இன்னொருவன் உண்டு, மனசைக் கிள்ளும் ஒரு மகன் உண்டு. ஆனால் அவள் வீட்டை விட்டு ஓடவில்லை. ரயிலில் விழவில்லை. கணவனுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், அவள் நிமிர்ந்து நடக்கிறாள். தன் பாவத்தைக் கழுவ மகனை வேத பாடசாலைக்கு அனுப்புகிறாள். அவன் அங்கேயே இந்து என்ற இளம் விதவையிடம் மனதைக் கொடுக்கிறான். கடைசியில் அலங்காரமும் காசிக்குக் கிளம்புகிறாள். பினோதினிக்குப் பிறகு அறுபது ஆண்டுகளில் நம் எழுத்தாளர்களுக்கு வேறு ஊர் கிடைக்கவில்லையே என்று முதலில் ஆதங்கப்பட்டேன். ஆனால் அலங்காரத்தை யாரும் அனுப்பவில்லை. முடிவு அவளுடையது, டிக்கெட்டும் அவளுடையது.

ஜெயகாந்தன் செய்தது இன்னும் அபூர்வம். "அக்கினிப் பிரவேசம்" 1966ல் ஆனந்த விகடனில் வந்தபோது பெரிய சர்ச்சை. மழையில் காரில் ஏறிக் கெட்டு வந்த மகளைத் தாய் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் கூச்சல் போட்டிருந்தால் அந்தப் பெண் என்னவாகியிருப்பாள் என்று யோசித்து "சில நேரங்களில் சில மனிதர்கள்" எழுதினார். அதன் நாயகி கங்கா சாகவில்லை, படிக்கிறாள், வேலைக்குப் போகிறாள், அந்த ஆளையே தேடிக் கண்டுபிடிக்கிறாள். ஒரே பெண்ணுக்கு இரண்டு வாழ்க்கை எழுதிப் பார்த்த ஆண்கள் குறைவு.

பெண்கள் எழுதியதையே படித்தால் போதாதா?

நேரம் குறைவு என்றால் அதையே முதலில் படியுங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் நம் வீடுகளில் பெண்ணைப் பற்றிய முடிவுகளை இன்னும் ஆண்கள்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். அவர்கள் எங்கே வரை பார்க்கிறார்கள், எந்த இடத்தில் கண் மங்குகிறது என்பதை இந்த நாவல்களை விடத் தெளிவாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

எதிலிருந்து தொடங்கலாம்?

"சிதைவுகள்" சிறியது, என்.கே. மகாலிங்கத்தின் தமிழில் கிடைக்கிறது. "அம்மா வந்தாள்" இரண்டு நாளில் முடிந்துவிடும். பிறகு நா. தர்மராஜன் மொழிபெயர்த்த "அன்னா கரீனினா". அதன் பருமனைப் பார்த்து மலைப்பாக இருந்தால், ஆறாம் பாகத்தில் டாலி விடியற்காலையில் வண்டி ஏறும் அத்தியாயத்தை மட்டும் முதலில் படித்துவிடுங்கள். யாரும் தொந்தரவு செய்யாத நான்கு மணி நேரம் கிடைக்கும் நாளாகப் பார்த்து.